அம்மாவின் கட்டிலுக்கு மேலே

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு முட்டிவலியில் தொடங்கிச் சர்க்கரையில் முடிகிறது. நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். சீலிங்கைப் பற்றிச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

போன மாதம் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மல்லாந்து படுத்துக் கிடக்கச் சொல்லிவிட்டார்கள். என் மகன் கட்டிய வீடு. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெரிய லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துச் சோதித்து, அதற்கு மேல் பெயிண்ட் அடித்த சீலிங். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க எனக்கு அரை மணி நேரம்கூட முடியவில்லை, சலித்துப்போனது. அப்போதுதான் அம்மாவின் நினைப்பு வந்தது. நான் பாவாடை கட்டிய வயதில், அம்மா மாதக்கணக்கில் ஒரே சீலிங்கைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவளுக்குச் சலிக்கவே இல்லை.

எங்கள் ஊர் கம்பைநல்லூருக்குப் பக்கம். அந்த வருடம் கோடையில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப்போட்டு, அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டினோம். கட்டி முடிகிற வரை மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் நாங்கள். அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான சில வருடத்திலேயே புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டோடு வந்தவள். வீட்டில் அவள் சொல்தான் சொல். அப்பா எருமைக்கு விலை பேசினாலும் அக்கா முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் பேசுவார்.

கான்கிரீட்டை அடியில் தாங்கியிருந்த சென்ட்ரிங் தகடுகளைக் கழற்றிய நாள் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. முட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். கடைசிக் கட்டையும் போனது. மேலே இருந்தது விழவில்லை. ஓட்டுக்காவது விட்டம் உண்டு, சட்டம் உண்டு, கையால் தொட்டுக் காட்டலாம். இதற்கு எதுவும் இல்லை. நான் உள்ளே போகவே மாட்டேன் என்று வாசலில் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து நடு ஹாலுக்கு அழைத்துப்போய் நிறுத்தினாள். இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தோம்.

அந்த வாரமே அம்மா மாசமாக இருப்பது தெரிந்தது. எனக்குப் பிறகு உண்டான எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. அதனால் அந்தச் செய்தியை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. அத்தை மட்டும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டாள்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள உள்பூச்சு முடியணும். அதுக்கு மேல இந்த வூட்டுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. வயித்துல புள்ள இருக்கறப்ப வூட்டை இடிக்கறது, கொத்தறது ஒண்ணும் ஆவாது."

உங்களுக்கும் தெரியும், இந்த வழக்கம் நம் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரைத் தொட மாட்டார்கள். கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"ஏங்க, தகடு கழட்டுன கான்கிரீட்டு அடி வழவழன்னு கெடக்குதுங்க. உளி வச்சு நல்லா கொத்தி உட்டாத்தான் பூச்சு புடிக்குமுங்க. அதுக்கே நாளு புடிக்கும்."

"கொத்தவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்படியே பூசு."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அக்காவைப் பார்த்தார். அதோடு முடிந்தது.

ஆனாலும் அந்தப் பூச்சு வேலையைப் பார்த்தது பெரிய அதிசயம். சாரத்தின் மேல் நின்று, கொத்தனார் கரண்டியில் கலவையை அள்ளி அண்ணாந்து விசிறுவார். அது சப்பென்று மேலே போய் ஒட்டிக்கொள்ளும். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சேற்றை அள்ளி மேலே எறிந்து பார்த்தேன். எல்லாம் என் தலையிலேயே விழுந்தது. அத்தை என்னை வாய்க்கால் தண்ணீரில் குளிப்பாட்டியபடியே திட்டினாள். அவள் திட்டுவதற்கு அளவே கிடையாது, தலை துவட்டி முடித்த பிறகும் திட்டு மிச்சம் இருந்தது.

ஆடி பிறந்தது. வேலை நின்றது. சீலிங் மேடும் பள்ளமுமாக, கரண்டித் தடங்களோடு, வெள்ளை காணாமல் அப்படியே நின்றது. அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு உதிரம் பட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, குழந்தை பிறக்கும் வரை எழுந்து நடக்கவே கூடாது, கால்மாடு உயரமாக இருக்கும்படி படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கயிற்றுக் கட்டிலைப் புது ஹாலில் போட்டு, கால்மாட்டில் வீடு கட்டி மிஞ்சிய செங்கல்களை வைத்து உயர்த்தினார் அப்பா. பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் பித்தளைச் சொம்பு. தலை தாழ்ந்து கால் உயர்ந்து படுத்தால், வேறெங்கும் பார்க்க முடியாது, சீலிங் நேராக முகத்துக்கு வரும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வேலை ஒழிந்த உச்சி நேரத்தில் வருவார்கள். "கண்ணாடியாட்டம் பூசிருக்காங்களே" என்று அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா சிரித்துக்கொள்வாள். ஏனென்றால் அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். பொழுது சாயும்போது மேற்கு ஜன்னல் வழியாக வெயில் படுத்துக்கொண்டே உள்ளே வரும். அப்போது அந்தச் சீலிங்கைப் பார்க்க வேண்டும்! மதியம் சமமாகக் கிடந்தது எல்லாம் எழுந்து நிற்கும். மேட்டுக்கு ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். நான் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

"அதா பாரு கண்ணு, அங்க களி கிண்டி வச்சாப்பல ஒரு மேடு. நேத்து அது இல்ல."

"நேத்தும் இருந்துச்சும்மா."

"இல்ல. நேத்து தட்டையா இருந்துச்சு. நான்தான் நாளெல்லாம் பாக்கறனே."

மாதக்கணக்கில் ஒருவரால் இப்படிப் பார்க்க முடியுமா என்று இப்போது வியக்கிறேன். ஒவ்வொரு கரண்டித் தடமும் அவளுக்குத் தெரியும். எது கொத்தனார் அலுப்பில் இழுத்தது, எது காலையில் தெம்பாக இழுத்தது என்றெல்லாம் சொல்வாள். நான் வாய் பிளந்து கேட்பேன். சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்? அம்மா சொன்னால் எனக்குச் சரி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் அம்மாவின் தலையணையில் மணல் இருந்தது. மிகப் பொடியான மணல். அடுத்த நாளும் இருந்தது. அம்மா என்னிடம் புளி உலுக்குகிற தொரட்டிக் கோலை எடுத்துவரச் சொன்னாள். அதன் அடிப்பக்கத்தால் சீலிங்கைத் தட்டச் சொன்னாள். சுவரோரம் தட்டினேன், கெட்டியாக 'டக் டக்' என்றது. கட்டிலுக்கு மேலே தட்டினேன். 'பொத்' என்றது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு முறை தட்டினேன். அதே பொத். உள்ளே காற்று இருக்கிற சத்தம் அது. பூச்சு ஒட்டாமல் விட்டுப்போயிருந்தது.

அப்பாவிடம் சொன்னோம். அவர் அண்ணாந்து பார்த்தார். அது மதிய நேரம், சீலிங் சாதுவாகக் கிடந்தது. "படுத்தே கெடந்தா ஏதேதோ தோணும் புள்ள" என்றார். இருந்தாலும் மனம் கேட்காமல், அம்மாவோடு சேர்த்துக் கட்டிலை மெல்ல நகர்த்தி ஜன்னல் ஓரம் போட்டார். அங்கே தட்டினேன். அங்கேயும் பொத். முக்கால்வாசி ஹால் அப்படித்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும்தான் கெட்டி, அங்கே கட்டில் போட்டால் கதவு திறக்காது.

"கொத்தனார வரச்சொல்லி அதை எடுத்துருங்க" என்றாள் அம்மா.

அத்தை அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "எடுக்கறதுன்னா உளி வச்சு அடிக்கணும். மாசமா இருக்கறவ தலைக்கு மேல உளிச்சத்தமா? போனதெல்லாம் போதாதா இந்த வூட்டுல?"

அந்தக் கடைசி வார்த்தையில் அம்மா முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு அத்தையின் மேல் அப்படி ஒரு கோபம். தனக்குப் பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சலில்தான் பேசுகிறாள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நானும் நம்பினேன். அத்தையோ கோயிலுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டில் காலில் கட்டினாள். தொரட்டியைப் பிடுங்கிக் கொட்டகைப் பரணில் போட்டாள். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை. நான் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். மேலே சின்னதாக ஒரு சத்தம், காய்ந்த புளியங்காய் உடைவதுபோல. அம்மா என்னைத் தன் மேல் இழுத்துக்கொண்டாள். அப்புறம் முக்காலி இருந்த இடத்தில் இடி விழுந்தது. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், முறம் அகலத்துக்கு ஒரு பூச்சுத் துண்டு விழுந்து கிடந்தது. முக்காலி சாய்ந்திருந்தது. பித்தளைச் சொம்பு ஒரு பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. அந்தச் சொம்பை ரொம்ப நாள் வைத்திருந்தோம், பிறகு எந்தப் பழைய பாத்திரக்காரரிடம் போனதோ தெரியவில்லை.

அத்தை ஓடிவந்தாள். சொம்பைப் பார்த்தாள். அது இருந்த இடத்துக்கும் அம்மாவின் தலைக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தாள். அது கை நீட்டினால் எட்டும் தூரம். திரும்பி வெளியே போனாள்.

அன்று மதியமே கொத்தனார் சாரம் கட்டினார். கட்டிலோடு அம்மாவைப் புங்க மரத்தடிக்குக் கொண்டுபோனோம். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு மூலையும் தூக்க, கால்மாட்டுக்காரர்கள் மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்க, நான் செங்கல்களைச் சுமந்துகொண்டு முன்னால் ஓடினேன். சாமி ஊர்வலம்போல இருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று அப்பா அதட்டினார். அப்போது ஈரப் புடவையோடு அத்தை வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள்.

"உளியைக் குடு" என்றாள் கொத்தனாரிடம்.

"நீங்க எதுக்குங்க..."

"குடுன்னா குடு."

சாரத்தில் ஏறினாள். அதுவரை அத்தை மரம் ஏறியோ, ஏணி ஏறியோ நான் பார்த்ததில்லை. ஈரப் புடவை காலில் சுற்ற, மூங்கிலைப் பிடித்துப் பிடித்து மேலே போய் நின்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உளியைச் சீலிங்கில் வைத்து, கண்ணை மூடி, சத்தமாகச் சொன்னாள்.

"இந்த வூட்டுல மொதல்ல உளி வச்சது நானு. வர்ற தோசம் எதா இருந்தாலும் என்னைச் சேரட்டும். எனக்குப் பின்னால ஆரும் இல்ல."

சுத்தியலை ஓங்கி அடித்தாள். ஒரு பெரிய துண்டு அவள் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அத்தை அசையவில்லை. முகமெல்லாம் சிமெண்டுப் புழுதி. அந்த முகத்தைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. நான் இதுவரை பார்த்த பெரிய பெரிய கோபுரங்கள், அணைக்கட்டுகள் எதுவும் எனக்கு அந்தச் சிலிர்ப்பைத் தந்ததில்லை.

இறங்கி வந்தாள். உளியைக் கொத்தனார் கையில் கொடுத்தாள். ஹாலை விட்டு வெளியே போனவள், அதற்குப் பிறகு உள்ளே வரவேயில்லை.

கொட்டகையில் ஒரு மூலையைக் கூட்டி அங்கேயே படுத்துக்கொண்டாள். வெளியே மூன்று கல் வைத்துச் சமைத்தாள். அம்மாவுக்கான களியையும் கீரையையும் தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாள். பகலில் கட்டில் புங்க மரத்தடிக்கு வந்தால், அவள் கொட்டகையின் அந்தப் பக்கம் போய்விடுவாள். "கோவத்துல போய் உக்காந்துகிச்சு. தன் பேச்சு எடுபடலைன்னு" என்றார் அப்பா. தீபாவளிக்கு எடுத்த புடவை பிடிக்கவில்லையோ என்றுகூட அவர் யோசித்தார் என்றால் பாருங்கள். அம்மா மட்டும் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உள்ளே வேலை நடந்தது. முதலில் பொத்தென்ற இடத்தையெல்லாம் இடித்துத் தள்ளினார் கொத்தனார். தொரட்டியைப் பரணிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை கான்கிரீட்டின் அடியை அம்மை வடு விழுந்த முகம்போல் கொத்திவிட்டார். சிமெண்டுப் பாலைப் பூசி, அதன் மேல் மெல்லிசாகப் பூச்சு. கீழே இருந்து தண்ணீரை வாரி வாரி அடித்து நனைத்தார்கள். பிறகு மார்கழிக் காற்றில் காயவிட்டார்கள். ஈரம் இருந்த இடம் கறுப்பாகத் தெரியும். அது சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும் வரை, வெள்ளை அடிக்கும் பேச்சை எடுக்க அம்மா விடவில்லை.

பொழுது சாய்ந்தால் வேலை முடிந்த பக்கம் கட்டிலைக் கொண்டுவந்து போடுவோம். மேற்கு வெயில் உள்ளே வரும். அம்மாவின் வேலை அப்போது ஆரம்பம்.

"அண்ணா, உங்க வலக்கைப் பக்கம் ஒரு மேடு இருக்குதுங்க. இன்னும் கொஞ்சம் அங்க. ஆங், அதான்."

கொத்தனார் சாரத்தில் நின்று கல்லால் தேய்ப்பார். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்பார். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில் வரப்புபோல ஒரு கோடு நின்றது. அதில் பட்டி இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இழுத்தார். ஒரு பள்ளத்தை மட்டும் எத்தனை முறை நிரப்பினாலும் அம்மா விடவில்லை. கடைசியில் அவர் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, எனக்கே தெரியலைங்க. இனி ஆரு மல்லாந்து படுத்துப் பாக்கப் போறாங்க?"

"பொறக்கப் போறது பாக்குமில்லைங்களா" என்றாள் அம்மா.

அவர் எழுந்து பட்டித் தகட்டை எடுத்தார். பிள்ளை பிறக்கும் என்று அம்மா வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அப்பா வாசலில் நின்றவர் அப்படியே வெளியே போய்விட்டார்.

தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, பொங்கலுக்கு முன்னால் வெள்ளை அடித்து முடித்தார்கள். முதல் தடவை அடித்ததும் திட்டுத் திட்டாகக் குடித்துக்கொண்டது. மறுபடி அடித்தார்கள். அன்று மாலை வெயில் வந்தபோது நானும் அம்மாவும் படுத்துக்கொண்டு பார்த்தோம். நிழல் எங்கும் விழவில்லை. வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர் வரை தடங்கல் இல்லாமல் போனது.

தை கடைசியில் தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் கார் வந்து நின்றபோது ஆரத்தி கரைத்து வைத்திருந்தது பக்கத்து வீட்டு அக்காதான். அத்தை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். அம்மா நடந்து வந்தாள். அவள் நடப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். வீட்டுக்குள் போகாமல், குழந்தையோடு நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

"உள்ள வாங்க அண்ணி."

"வேண்டாம்மா, கிட்ட வராத. என் மேல கெடக்கறது புள்ள மேல பட்டுரப் போவுது."

அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் கோபம் என்று நினைத்தோமே, அது இதுதான். வாங்கிக்கொண்ட தோஷம் எங்கள் மேல் சிந்திவிடாமல், அவள் அதைத் தூரத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆனது. அம்மாவுக்கு உளிச்சத்தம் கேட்ட அன்றே புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க உளி வச்ச அன்னைக்கித்தான் அண்ணி எனக்குத் தூக்கமே வந்துச்சு" என்றாள் அம்மா. அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பச்சை உடம்புக்காரியை உதறித் தள்ள முடியுமா? அத்தை வந்தாள். நடு ஹாலில் உட்காரவைத்து மடியில் குழந்தையை வைத்தாள் அம்மா.

அத்தை குழந்தையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்தத் தொரட்டியை எடுத்துகிட்டு வா. இங்க நேரா மேல ஒருக்கா தட்டிப் பாரு. மெல்லத் தட்டு, புள்ள முழிச்சுக்கும்."

தட்டினேன். டக் என்றது. "இன்னொருக்கா" என்றாள். டக்.

அதற்கப்புறம்தான் அத்தை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.